நான்தான் பேசுறேன்

கவுன்சிலர் நம்பருக்கு அடித்தால்
கவுன்சிலரே எடுக்கிறாள்.
கொருக்குப்பேட்டையில் இதைக்
கொஞ்ச நாள் யாரும் நம்பவில்லை.
முன்பு ஜெயித்த அம்மாவின் குரல்
எங்கள் தெருவுக்குத் தெரியாது.
புருஷன்தான் எடுப்பார்:
"மேடம் சார்பா பேசுறேன்."

சகாயராணி எடுத்தால்
பின்னால் குக்கர் விசிலடிக்கும்.
"நான்தான் பேசுறேன், சொல்லும்மா."
தெரு, கதவு எண், எத்தனை நாளாய்,
தண்ணி என்ன நிறம்?
"காபி."
"பால் ஊத்தினதா, ஊத்தாததா?"
நான் சிரித்துவிட்டேன்.
அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை ரயில்வே கேட்டில் பார்த்தேன்.
சரக்கு வண்டி முடிவதாயில்லை.
வெயிலில், ஸ்கூட்டி சீட்டின்மேல் வைத்து
யாருடைய முதியோர் பென்ஷன் மனுவிலோ
கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்,
எழுதாத பேனாவை
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து.
அவ்வளவுதான்.
என்னைத் தெரியாது அவளுக்கு.

இன்று மண்டல அலுவலகம்.
குழாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துவந்து
மேசைமேல் வைத்தேன்.
இன்ஜினியர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"கூட யாரும் வரலையா? அப்பா, அண்ணன்?"

"நான்தான் பேசுறேன், எழுதிக்குங்க."

மூடியைச் சரியாகத் திருகவில்லை போல.
அவர் கோப்பின் ஓரம்
பழுப்பாக நனையத் தொடங்கியிருந்தது.