பொறுத்தருளும்

சிலோயே தீவுக்கூட்டத்தில் எங்கள் தீவு சிறியது.
பாதிரியார் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வருவார்.
மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வது நான்,
பெலார்மினோ, சிப்பி வளர்ப்பவன்.
குரல் பெரிதென்று ஊர் என்னைத் தேர்ந்தெடுத்தது.
அந்தக் குரலுக்கு விலை கொடுத்தவர்கள்
வீட்டில் இருந்தார்கள்.

சனிக்கிழமை விடியலில் படகைக் காணோம்.
வற்றிய கடல் அதை இழுத்துப்போய்
எதிர்த்தீவுப் பாறையில் சாத்தியிருந்தது,
விலா கிழிந்து.
முந்தைய இரவு கட்டியவன் என் மகன் லிசாந்த்ரோ.
பதினோரு வயது.
துறையில் ஏழு பேர் நின்றார்கள்.
ஏழு பேரும் கேட்கும்படிதான் சொன்னேன்:
"ஒரு முடிச்சுப் போடத் தெரியாத கை எதற்கு?"
அவன் தன் கைகளைப் பார்த்தான்.
பிறகு கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்,
மழையில் நனைந்துவிடும் என்பதுபோல.

மதியம் தோரிபியோ படகை இழுத்து வந்தார்.
கயிற்று நுனியில் முடிச்சு அப்படியே இருந்தது,
நான் கற்றுக்கொடுத்த அதே இறுக்கத்தில்.
முடிச்சுக்குள் ஓர் இரும்பு வளையம்.
துரு தின்று, கம்பத்திலிருந்து பிய்ந்து வந்தது.
தவக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறேன் என்று
நோயெலியாவிடம் நான் சொல்லியிருந்த வளையம்.
தோரிபியோ எதுவும் பேசவில்லை.
என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.
கோட்டுப் பையில் போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே கோட்டுதான்.

மரக்கூரைக் கோவில். மேலே மழை ஓடியது.
தந்தையே என்று தொடங்கினேன்.
மூன்றாவது பெஞ்சில் அவன் தலை குனிந்திருந்தான்.
அந்தச் சொல்லைக் கேட்டால்
அவனுக்குள் எந்த முகம் வரும்?
துறையில் நின்று கத்திய முகம்தானே.
விண்ணகத்துக்கே
நான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பொறுத்தருளும் என்ற இடம் வந்தது.
நாக்கு எழவில்லை.
யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை பெஞ்சை உதைத்தது.
பிறகு நான் இல்லாமலே
ஊர் அந்த வரியை முடித்தது.
அவன் வாயும் அசைந்தது. பார்த்தேன்.

என் கணக்கில் நான் நல்ல தகப்பன்.
முழங்கால்வரை நனையாத பூட்சு,
பெரிய தீவில் பள்ளிக்கூடம்,
முதல் நற்கருணைக்கு வெள்ளைச் சட்டை,
குளிர்காலம் முழுக்க அடுப்பணையாத விறகு.
இவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.
விறகு விறகுதான்.

அவன் சமையலறையில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்,
இங்கே விளையும் ஊதா உருளைக்கிழங்கு.
நோயெலியா என் முகத்தைப் பார்த்துவிட்டு
கோழிகளைக் கவனிக்க வெளியே போனாள்.
அந்த மழையில் எந்தக் கோழி?

வளையத்தை மேசைமேல் வைத்தேன்.
"உன் முடிச்சு அவிழவில்லை.
மாற்றாமல் விட்டவன் நான்.
ஏழு பேர் முன்னால் உன்னை அவமதித்தவனும் நான்.
பொறுத்துக்கொள்."
கடைசிச் சொல் மிகச் சிறியதாக வந்தது.
என் குரலில் அவ்வளவு சின்ன இடம் இருப்பது
எனக்கே தெரியாது.

அவன் கத்தி நிற்கவில்லை.
ஒரு கிழங்கு. இன்னொரு கிழங்கு.
"உங்கள் அப்பா உங்களிடம் இப்படிக் கேட்டிருக்கிறாரா?"
இல்லை என்றேன்.
எனக்குப் படகு கட்டித் தந்தவர். நல்ல மனிதர்.
அவர் பெட்டியைத் தோளில் சுமந்த அன்றும்
ஒரு சொல்லுக்காக என் காது திறந்தே இருந்தது.
அதை இவனிடம் சொல்லவில்லை.

"ஏழு பேர் கேட்டார்கள்" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

திங்கள் காலை துறையில் ஆறு பேர்தான்.
தோரிபியோவுக்குக் காய்ச்சல்.
ஆறு பேரிடமும் சொல்லிவிட்டு
சேற்றில் நடந்து அவர் வீட்டுக்கும் போனேன்.
பத்தடி தள்ளி லிசாந்த்ரோ வந்தான்.
"எனக்குத்தான் தெரியுமே" என்றார்
போர்வைக்குள்ளிருந்து.
"தெரியும். இருந்தாலும் கேளுங்கள்."

திரும்பும்போது அவன் ஐந்தடி தள்ளி வந்தான்.

புது வளையத்தைக் கம்பத்தில் வைத்தேன்.
ஆணியைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது.
பைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது.
நான் சுத்தியலை ஓங்கினேன்.
அவன் கையை இழுக்கவில்லை.