கம்பி இறங்கும் நேரம்

எங்கள் ஊரில் பாதை என்றால்
தரையில் கிடப்பதல்ல.
இரண்டு இரும்புத் தோணிமேல் பலகை அடித்து
எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே
மிதந்து போய் மிதந்து வருவது.
அதை இழுக்கும் கம்பி என் கையில்.

கம்பி விறைத்தால் பாதை ஓடும்,
தோணிகள் நிற்கும்.
கம்பி தொய்ந்து சேற்றில் படுத்தால்
தோணிகள் ஓடும்,
மோட்டார் சைக்கிள்கள் ஹோர்ன் அடிக்கும்.
ஒருவரை நிறுத்தித்தான் இன்னொருவரை அனுப்பலாம் என்று
நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.

ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்
எல்லாருக்கும் ஒரே அவசரம்.
அக்கரைப் பள்ளிக்கூடத்தில்
ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு.
இக்கரைச் சந்தியில்
ஏழு மணிக்கு ஐஸ் லொறி.
அது போய்விட்டால் இறாலின் தலை கறுக்கும்,
கறுத்தால் பாதி விலை.

பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தார்கள்.
தேநீர், மாரி பிஸ்கட், சுவரில் வரைபடம்.
நீலக் கோடு வாவி, கறுப்புக் கோடு வீதி.
இரண்டும் வெட்டும் இடத்தில்
பேனைமுனை அளவு ஒரு புள்ளி.
அது நான்.

மீன்பிடிச் சங்கம் முக்கால் மணி கேட்டது.
அதிபர்மார் ஒரு நிமிடமும் தர ஒண்ணாது என்றார்கள்.
பொறியியலாளர் எண்ணச் சொன்னார்.
பதினான்கு நாள் எண்ணினேன்.
தோணி முப்பத்தொன்று,
மோட்டார் சைக்கிள் அறுபத்தாறு,
உழவு இயந்திரம் நான்கு,
தயிர்ச்சட்டி கட்டிய சைக்கிள் ஒன்பது,
ஒரு நாள் ஒரு பிரேதம்.
தோணியில் வந்து பாதையில் ஏறிய அதை
எந்தப் பக்கக் கணக்கில் போடுவது?

தீர்ப்பு வந்தது:
இருபது நிமிடம் வாவிக்கு,
இருபது நிமிடம் வீதிக்கு.
பலகையில் சோக்கால் எழுதி மாட்டினேன்.

இறால் நிலவைப் பார்த்து ஏறும்.
நிலவோ நாளுக்கு முக்கால் மணி பிந்தும்.
சோளகம் தள்ளினால் தோணி முந்தும்,
வாடை அடித்தால் பிந்தும்.
ஆறு முப்பத்தைந்து என்பது
தண்ணீரில் எந்த இடம் என்று
எனக்கும் தெரியாது.

"என்னகா புள்ள,
இறாலுக்கு உன்ட மணிக்கூட்டப் படிப்பிக்கவா நான்?"
என்பார் உதுமாலெவ்வை காக்கா,
கம்பிக்குத் தெற்கே தோணியில் நின்றபடி.
"அதிபர் தண்ணியப் பாக்கமாட்டார் தங்கச்சி,
கோட்டத்தான் பாப்பார்"
என்பார் யோகமலர் டீச்சர், ஹெல்மெட் கழற்றாமலே.
இருவருக்கும் ஒரே சிரிப்பைச் சிரிப்பேன்.
இருவருக்கும் அது பிடிப்பதில்லை.

பங்குனியில் ஒரு புதன்.
லொறி வெளிக்கிட எட்டு நிமிடம்.
பாதை அக்கரையிலிருந்து கிறுகி வருகிறது,
இரவு வேலை முடித்த தாதி ஒருத்தி,
பால்கானோடு ஒருவன்.
நடு வாவியில் காக்காவின் தோணி
இயந்திரம் நிறுத்தித் துடுப்பால் ஒட்டி வந்து
பாதையின் விளிம்பைப் பிடித்தது.
ஒரு கூடை ஏறியது.
மறுகா ஒன்று.
மறுகா ஒன்று.
தாதி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகொடுத்தாள்.
பால்காரன் கேரியரில் கட்டிக்கொண்டான்.

ஓடும் பாதையில் தோணி அணையக் கூடாது.
விதி ஏழு. கூட்டத்தில் நானே வாசித்தது.
மணியில் கை வைத்தேன்.
அடிக்கவில்லை.

பதிவேட்டில் நேரம், திசை, எண்ணிக்கை
என்று மூன்றே கட்டம்.
"கிழக்கு, இருவர்" என்று எழுதினேன்.
மை காய்ந்த பிறகும்
தாள் இறால் மணத்தது.

வியாழன் ஐந்து தோணிகள் அணைந்தன.
பாதை ஆறு நிமிடம் பிந்தியது,
டீச்சர் கோட்டுக்குக் கீழே போனார்.
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மத்தியானம் இரு கரையிலும் ஒருவருமில்லை.
கம்பியை ஏற்றவும் காரணமில்லை, இறக்கவும்.
பாதி தொய்ந்து
நீருக்கு ஒரு சாண் மேலே கிடக்கிறது.
நீர்க்காகங்கள் அதில் குந்திச்
சிறகு காயவைக்கின்றன.
ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு
முதல் ஹோர்ன் கேட்கும்வரை
அவற்றின் முறை.