பன்னிரண்டு எஃப்

சுபாங்கிலிருந்து பினாங்கு போனால்
மலை வலப்பக்கம், கடல் இடப்பக்கம்.
திரும்பும்போது மாறும்; பலர் மறந்துவிடுகிறார்கள்.
ஏழரை மணி விமானம்தான் எடுக்க வேண்டும்,
பத்துக்கு மேல் தித்திவங்சா முக்காடு போட்டுக்கொள்ளும்.
இறக்கை தலைக்கு மேலிருக்கும் சின்ன விமானம்,
விசிறியை ஒட்டிய வரிசைகள் மட்டும் ஆகாது.
எல்லாம் கணக்குப் போட்டு
இருபத்திரண்டு வெள்ளி கூடக் கட்டி
பன்னிரண்டு எஃப் வாங்கினேன்.

ஜன்னல் முழுக்கப்
பால் கழுவாத கிளாஸ்.

பக்கத்து சீட்டில் சற்குணன்,
பட்டர்வொர்த்தில் லோரி எடுக்கப் போகிறவர்,
என்னைத் தாண்டி அந்த வெள்ளையில் விரல் வைத்தார்:
“இதுக்குக் கீழ தாப்பா.
அங்க ரிங்லெட் வளைவு, ரெண்டு தடவ பிரேக் புடிக்கல.
கோஸ் மூட்டையோட பதினெட்டு வருஷம்.
மேலேர்ந்து பாத்ததே இல்ல.”

எவ்வளவு கட்டினேன் என்று கேட்டார். சொன்னேன்.
சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்.

தைப்பிங் பக்கம் மேகம் கிழிந்தது.
அவர் எட்டினார்.
நான் பின்னால் சாய்ந்துகொண்டேன்.

இருபத்திரண்டு வெள்ளிக்கு நான் பார்த்தது
ஒரு காது மடல்,
அதில் நரைத்த மூன்று முடி,
அதற்கு மேலே
ஒரு விரற்கடை நீலம்.