பேரம் பேசாத ஆள்

பதினான்காயிரம் பவுண்டு கேள்,
பன்னிரண்டுக்கு இறங்கு என்று
வெல்டிங் யோர்வெர்த் சொல்லியிருந்தான்.
நடுவில் இருந்த இரண்டாயிரத்துக்கான பதில்களை
ராத்திரியெல்லாம் விழித்துத் தயார்செய்து வைத்திருந்தேன்.

ஹெரஃபர்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி
டோல்கெத்லாய் வந்து இறங்கினான் டெஸ்மண்ட் ப்ரோபர்ட்.
கையில் ஒருவழி டிக்கெட்.
அதைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஷட்டரைத் தூக்கினேன்.
அறுபத்தாறாம் வருடத்து டிரையம்ப்.
மழைக்கு அரைமணி முந்தைய வானத்தின் நீலம்
(பெயின்ட் டப்பாவில் இதற்கு வேறு பெயர்).
பாலா ஏரிக்கு மேலே ஒரு தொழுவத்தில்
கோழிகள் இதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.
ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒன்று அடைகாத்தது.
பொரிக்கும்வரை பொறுத்திருந்து
இருபத்திரண்டாம் நாள் இழுத்துவந்தேன்.
இதை நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

கேட்பான் என்று நினைத்தேன்:
இந்த வண்டிக்கு ஐந்தாவது கியர் ஏது?
நசுங்கிப்போன ஒரு ஜப்பான் காரின் கியர்பெட்டி.
இடையில் வரும் தகட்டை நானே கடைந்தேன்,
பள்ளிக்கூட லேத்தில், மாலை ஆறுக்கு மேல்,
காவலாளி அலெட்
சாவியை மேசைமேல் மறந்துவிட்டுப் போகும் கிழமைகளில்.
டைனமோவை ஏன் கழற்றினீர்கள்?
விளக்கையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டால்
அதற்கு மூச்சு வாங்கியது.
இந்த ஊரில் இரண்டையும் போடாத நாள் எது?
அசலைக் கெடுத்துவிட்டீர்களே என்பான்.
அப்போது நிமிர்ந்து நின்று சொல்வேன்:
அசல் என்பது நனைந்தால் நின்றுவிடுவது.

அவன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
குனிந்து அடியில் பார்க்கவில்லை.
கதவை மட்டும் திறந்து மூடினான், மூன்று தடவை,
அந்தச் சத்தத்துக்காக.
ஸ்டார்ட் செய்து காட்டட்டுமா என்றேன்.
"ஓட்டித்தானே போகப்போகிறேன்."
ஃபோனை எடுத்துத் தட்டினான்.
என் சட்டைப்பையில் என் ஃபோன் துள்ளியது.
பதினான்கு. முழுசாக.

ஒன்பது குளிர்காலம்.
கேட்ட விலை கிடைத்தவளுக்கு
ஏமாந்துபோனவளின் முகம்.

அதனால்தான் நானே ஆரம்பித்தேன்.
காசை வாங்கிக்கொண்டு குறைகளை வாசிக்கிற
வியாபாரியை அவன் பார்த்திருக்கமாட்டான்.
குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்,
அதட்டாதீர்கள், காத்திருங்கள்.
பெட்ரோல் முள் கால் டாங்குக்குக் கீழே
பொய் மட்டுமே சொல்லும்.
கூரைத் துணியில் ஒரு தையல் ஒழுகும்,
பக்கத்தில் உட்காருபவரின் இடது முழங்காலுக்கு நேராக.

"பக்கத்தில் யாரும் இல்லை" என்றான்.

பிறகுதான் கேட்டான், ஏன் விற்கிறீர்கள்.
வண்டிக்கு வயதாகவில்லை,
என் இடுப்புக்கு ஆகிவிட்டது என்றேன்.
மார்ச்சில் புதிதாக ஒன்று வைத்தார்கள், உலோகமும் பீங்கானும்.
என்னிலும் இப்போது அசல் குறைவு.
உட்கார முடிகிறது, எழத்தான் முடியவில்லை.
போன ஞாயிறு பார்மவுத் கடற்கரையில்
கதவைத் திறந்து, தார்ரோட்டில் கையூன்றி,
நாலு காலில் இறங்கினேன்.
ஐஸ்கிரீம் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.
அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.
சிரிக்கலாம் என்றேன். சிரித்தான்.

கழற்றிய சாமான் மூன்று பெட்டி இருக்கிறது,
சும்மாவே எடுத்துப் போங்கள் என்றேன்.
இடமில்லை, வேண்டாம் என்றான்.

பாலம் தாண்டும்வரை காதால் தொடர்ந்தேன்.
ஒன்று. பிறகு ஒரு சின்ன மௌனம்,
நான் சொன்ன அளவு.
இரண்டு.

இப்போது கராஜில்
பழைய கியர்பெட்டி, டைனமோ, தகர விசிறி,
டிரம் பிரேக், கோழி கொத்திய இருக்கைத் தோல்,
துருப்பிடித்த தரைத்தகட்டில் நான் வெட்டியெறிந்த பாதி.
கணக்குப் பார்த்தால்
பாலாவிலிருந்து நான் இழுத்துவந்த கார்
பெரும்பாலும் இங்கேதான் கிடக்கிறது.

டாக்டர் சொன்ன உயரத்து ஸ்டூலில் உட்கார்ந்து
டைனமோவின் கப்பியை ஒரு விரலால் தள்ளினேன்.
சுற்றியது.

யோர்வெர்த் வந்து வாசலில் நின்றான்,
காலியான இடத்தைப் பார்த்தான்.
எவ்வளவுக்குப் போயிற்று?

பன்னிரண்டு என்றேன்.