வழக்குச் சொத்து

ஏழு கண்ணாடி ஜாடிகள்.
மகஜரை எழுதியது நான்தான்:
‘ஒவ்வொன்றின் உள்ளும் தீப்பெட்டி அளவில்
எண் காட்டும் கருவி ஒன்று.
பயன் தெரியவில்லை.’

பயனைச் சொன்னவன் எதிரி.
தயாநேசன், வயது முப்பத்தொன்பது,
வில்பட்டிக்குக் கீழே பூண்டுக் காடு,
பூண்டுக்கு நடுவே ஆறு செடி.
கைரேகை மையைத் தலையில் துடைத்துக்கொண்டே
ஏதோ கைக்குழந்தையை விட்டுப்போகிறவன் மாதிரி சொன்னான்:
‘அது ஈரமானி, மேடம்.
அறுபத்திரண்டுல நிக்கணும்.
எழுபதைத் தாண்டினா பூஞ்சை.
தினம் ஒருவாட்டி மூடியைத் திறந்து
அஞ்சு நிமிஷம் மூச்சு விடவைங்க.’

அதற்குள் நான் அரக்கை உருக்கிவிட்டிருந்தேன்.
மூச்சு விடுவதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

ஐப்பசி. கொடைக்கானல்.
மேகம் ஸ்டேஷனுக்குள் வந்து
புகார் கொடுக்க வந்ததுபோல் பெஞ்சில் உட்காரும்,
யாரும் கேட்காததால் எழுந்து போகும்.
சொத்து அறையில்
துரு பிடித்த அரிவாள், செயின் இல்லாத சைக்கிள்,
ஒட்டிக்கொண்ட கேஸ் கட்டுகள்.
ஒரு பழைய திருட்டு வழக்கில்
திருடனின் பக்கமும் பறிகொடுத்தவனின் பக்கமும்
ஒரே காகிதமாகிவிட்டன. பிரித்தால் இருவரும் கிழிவார்கள்.

அந்த ஈரத்துக்குள் ஏழு எண்கள் மட்டும்
காய்ந்து நின்றன.
61, 62, 64, 62, 62, 61, 62.

தினமும் பார்த்தேன். முதலில் வேடிக்கைக்கு.
பிறகு டைரியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால்.
மூன்றாவது ஜாடி மட்டும் ஏறியது.
64, 66, 66, 69.
அதை அவசரத்தில் அடைத்திருக்கிறான்.
பூ காய்ந்திருக்கும், தண்டு காய்ந்திருக்காது.
தண்டுக்குள் ஒளிந்த ஈரம்
முதல் நாள் வாய் திறக்காது.
நாலாம் நாள், அடிக்காமலே,
எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இன்னொன்றும் சொல்லியிருந்தான், வேனில் ஏறும்போது:
‘கருவியையும் நம்பாதீங்க.
உப்பைக் கொஞ்சம் தண்ணீர்ல குழைச்சு
கூடவே மூடி ஒரு ராத்திரி வைங்க.
எழுபத்தஞ்சு காட்டணும்.
எழுபத்தொண்ணு காட்டினா
நாலு குறைச்சுச் சொல்ற ஜாதி. கூட்டிக்கங்க.’

பதினாறு வருஷமாகச் சாட்சிகளைப் பார்க்கிறேன்.
அப்படி ஒரு கை உப்பு
எனக்கு எந்த டிப்போவிலும் கொடுத்ததில்லை.

இருநூற்று அறுபது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன்.
உப்பில் வைத்தேன், 73. இரண்டு கூட்டணும், சரி.
குவார்ட்டர்ஸில் மகளின் கட்டிலோரம்,
சுவர் கறுத்திருக்கும் இடத்தில் நிறுத்தினேன்.
ராத்திரி அவள் நெஞ்சு
விசில் ஊதிக்கொண்டிருந்தது.
86. கூட்டினால் 88.

கஞ்சாவுக்கு எழுபதே ஆகாது.

பொதுப்பணித் துறைக்கு நான்காவது மனு.
முதல் மூன்றிலும் ‘மிகுந்த ஈரம்’ என்றுதான் எழுதியிருந்தேன்.
இதில் தேதி, நேரம், எண், சாட்சி இரண்டு பேர்.
இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு
‘இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?’ என்றார்.
‘ஒரு விசாரணையில, சார்.’

கார்த்திகை முடியும் முன்
மாஜிஸ்திரேட் முன்னிலையில் அரக்கை உடைத்தோம்.
கோர்ட் முழுக்க வாசனை.
பெஞ்ச் கிளார்க் கைக்குட்டை தேடினார்,
பாரா போலீஸ்காரர் தேடவில்லை.
கூண்டில் தயாநேசன்
மூக்கை மட்டும் லேசாகத் தூக்கி
ஒவ்வொரு மூடிக்கும் தலையசைத்தான்.
மூன்றாவது திறந்ததும் அசைக்கவில்லை.
உள்ளே சாம்பல் நிறத்தில்
எலிக்குஞ்சின் மயிர் மாதிரி.
என்னைப் பார்த்தான்.
நான் தராசைப் பார்த்தேன்.

எடை, மாதிரி, கையொப்பம்.
படிவத்தில் ஈரத்துக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் 79 என்று எழுதினேன்.
மற்ற ஆறும் அறுபத்திரண்டை ஒட்டியே.
அழிப்பதற்கு உத்தரவு வரும்வரை
பத்திரமாக வைக்கச் சொன்னார்கள்.

மெழுகுவத்தி, அரக்கு, நூல்.
மூடியைப் போடும் முன்
ஐந்து நிமிஷம் தீப்பெட்டி தேடினேன்.
பையில்தான் இருந்தது.