பத்து டிகிரி

லிங்கராஜபுரம், தண்டவாளத்தை ஒட்டிய ஷெட்.
இரவு பத்தேகாலுக்கு உவைஸின் எஸ்டீம் சூடேறி
விசிறி ஒருமுறை சுற்றி நின்றது.
இனி தொடங்கலாம்.

லேப்டாப்பில் பூட்டினேன்:
எந்த வேகத்திலும் எந்தப் பாரத்திலும் பத்து.
உச்சிக்குப் பத்து டிகிரி முன்னால் பொறி.
அட்டவணைகளெல்லாம் அதற்கப்புறம்.

முதல் சிலிண்டர் வயரில் கிளிப்பை மாட்டி
விளக்கை அடித்தாள் தபித்தாள்.
நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்றும் புல்லி
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நின்றது.
(நின்றதென்று நம்பிக் கைவைத்தவனின் விரலைப் பற்றி
கலாசிபாளையத்தில் யாரிடமும் கேட்கலாம்.)

"பத்து" என்றாள்.
"பத்து" என்றேன்.
இவ்வளவு சுலபமாக நாங்கள் எதிலும் ஒத்துப்போனதில்லை.

பிறகேன் ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது
டப்பாவில் போட்ட கூழாங்கல்லாய்த் தட்டுகிறது?
உவைஸ் பெட்ரோலைத் திட்டினான்,
பங்க்காரனை, அவன் முதலாளியை,
மூச்சு மிச்சமிருந்ததால் அரசாங்கத்தையும்.

தபித்தாள் எஞ்சினை அணைத்துவிட்டு
மண்ணெண்ணெய்த் துணியால் புல்லியைத் துடைத்தாள்.
நடுக்குமிழுக்கும் வெளிவளையத்துக்கும் இடையில்
ரப்பர் வெடித்திருந்தது.
யாரும் பார்க்காத ஏதோ ஓர் ஆண்டில்
வளையம் வழுக்கி
கோட்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

பிளக்கைக் கழற்றி
நூடுல்ஸ் வண்டியில் வாங்கிய மூங்கில் குச்சியைத்
துளைக்குள் விட்டாள்.
நான் ஸ்பானரால் கிராங்கைத் திருப்ப
குச்சி எழுந்தது,
உச்சியில் கொஞ்சநேரம் சும்மா இருந்தது.
அந்தச் சும்மாவை நம்பக்கூடாது.
ஏறும்போது ஒரு குறி,
இறங்கும்போது அதே உயரத்தில் ஒரு குறி,
இரண்டுக்கும் நடு எதுவோ அது.

பழைய கோடு
முள்ளைத் தாண்டி ஏழு டிகிரி போய் நின்றிருந்தது.

ஆக, நாங்கள் சொன்ன பத்து பதினேழு.
பிஸ்டன் ஏறி முடிப்பதற்குள்
நெருப்பு அதன் தலையில் அடித்திருக்கிறது,
எத்தனை மாதமோ,
சம்பளத்துக்கு முன்னால் வந்து நிற்கும் வட்டிக்காரன் மாதிரி.

வைட்னரால் புதுக் கோடு.
திங்கட்கிழமை ஜே.சி. ரோட்டில் புல்லி வாங்கும்வரை
அதுவும் அந்த வளையத்தின் மேல்தான்.
விளக்கு பதினேழு என்றது, கூச்சமே இல்லாமல்.
ஆஃப்செட்டை ஏழு நகர்த்தினேன்.
உவைஸ் மூவாயிரத்துக்கு ஏற்றினான்.
எதிர்வீட்டு ஜன்னல் கன்னடத்தில் திறந்து
கன்னடத்தில் மூடியது.
கோடு அசையவில்லை.

பூட்டை எடுத்தேன்.
எண்கள் பத்தை விட்டு ஓடத் தொடங்கின,
பதினான்கு, இருபத்தொன்று, மறுபடி பன்னிரண்டு.

"அப்போ பெட்ரோல் மேல தப்பில்லையா?"

குச்சியைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
தபித்தாள் சொன்னாள்:
"அதுவும் மட்டம்தான்."