மூன்றுக்கு இரண்டு

அப்புத்தளையில் பகல் இரண்டு மணிக்கே
பனி வந்து அடகுக்கடை வாசலில்
கடன் கேட்க வந்த ஆள் மாதிரி நிற்கும்.

அந்த நேரத்தில்தான்
விடுதியில் அறை கூட்டும் தவசீலன்
சிகரெட் பெட்டித் தாளைப் பிரித்தான்.
பெருவிரல் நகத்தளவு வெள்ளி.
'ஹங்கேரிக்காரர், அக்கா. ஒன்பதாம் நம்பர் அறை.
போகும்போது கையில வச்சு மூடினாரு.
எண்ணூறு வருசமாம்.'

தராசில் அரை கிராம்கூட இல்லை.
என் மூச்சுப் பட்டதும் தட்டைவிட்டு நழுவியது.
மேசைக்கடியில் இருவரும் குனிந்து தேடி
எண்ணூறு வருசத்தை
என் செருப்போரம் கண்டெடுத்தோம்.

ஒரு பக்கம் இரண்டு குறுக்குக் கையுள்ள சிலுவை.
'எங்க லயத்துக் கரண்டு போஸ்ட்' என்றான்.
மறுபக்கம் ஒரு பிறை, சில புள்ளிகள்.
ராஜாவின் பெயரைக் காணோம்.

முதலாளி உரைகல்லில் உரசினார்.
பாதிக்கு மேல் செம்பு. நூற்று எண்பது ரூபாய்.
ஒரு சோத்துப் பார்சலுக்குக் காணாது.

'அந்த ராஜா, அக்கா,
வருசத்துக்கு ஒருக்கா பழைய காசு செல்லாதுன்னுருவானாம்.
மூணு கொண்டுபோய்க் குடுத்தா புதுசு ரெண்டு.'

எனக்கு அந்த ராஜாவைத் தெரியும்.
கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பின்னால் நிற்பார்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று.
பதினெட்டுக்குக் குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர்:
மரகதவல்லியில்
வல்லி மட்டும் மலையேறி வந்தது போல.

உரைகல்லைத் துடைத்தேன்.
வருசா வருசம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கியவனிடம்
இது மட்டும் எப்படிப் போகாமல் தப்பியது?
கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.
ஒருத்தி, வாசலில் ஆள் நிற்க,
பாவாடை மடிப்பைக் கையால் பொத்திக்கொண்டு
'இருந்ததே இவ்வளவுதான்' என்றிருக்கிறாள்.

இதை நான் தவசீலனிடம் சொல்லவில்லை.
'உருக்கினா புகைக்கே காணாது, கொண்டுபோ' என்றேன்.
தாளில் மடித்து
சட்டைப் பைக்குள்ளும் இல்லாமல் காலுறைக்குள் வைத்தான்.
பனி அவனை இடுப்புவரை வாங்கிக்கொண்டது,
பிறகு மீதியையும்.

சாயங்காலம் கொழும்புக்கு யாருடனோ
நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார் முதலாளி.
குரல் மாறியிருந்தது.
'அந்தப் பொடியன் பேரென்ன? எந்த விடுதி?'

'ஏதோ சீலன்னான். விடுதி கேக்கல.'

தட்டைத் துடைத்து
முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன்.